கிணற்றடியில் சொன்னது

பிரம்மநாயகி ஆச்சி வீட்டில் சாலோமிக்கென்று ஓர் இடம் உண்டு. வீட்டுக்குள்ளே என்று நினைத்துவிட வேண்டாம். புறவாசலில், மாட்டுத் தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில், ஓரம் உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். மிஷன் ஆஸ்பத்திரி நர்சு உட்கார அது போதும் என்பது ஆச்சியின் தீர்மானம். பாளையங்கோட்டையில் கோழி கூப்பிட எழுந்து, ரயிலேறிச் சேரன்மாதேவியில் இறங்கி, சேக் முகம்மதுவின் ஒற்றைமாட்டு வண்டியில் கால்வாய்க் கரையோடு இடுப்பொடிய வந்து சேருகிறவளுக்கு 'வா' என்று ஒரு சொல் கிடையாது. "கல்லு கெடக்கு" என்பாள் ஆச்சி. தீர்ந்தது மரியாதை.

சாலோமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தாத்தா காலத்தில் சாத்தான்குளத்துத் தேரிக்காட்டை விட்டு வந்து பாளையங்கோட்டை மிஷன் காம்பவுண்டில் குடியேறிய குடும்பம். அவள் பிறந்தது, படித்தது, பிள்ளைப்பேறு பார்க்கப் பழகியது எல்லாம் அந்த மதிலுக்குள்ளேதான். ஆச்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? "பனையேறி பேத்தி. ரவிக்கையும் மூக்குக் கண்ணாடியும் போட்டா கை மாறிருமாக்கும்" என்று அவள் காதுபடவே சொல்லுவாள்.

பின்னே எதற்கு வரவிட்டாள் என்றால், மகனுக்காக. மகன் சங்கரசுப்பிரமணியன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவனுடைய தலைப்பிள்ளை பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. ஆண்பிள்ளை. மருமகள் சொர்ணாம்பாள் மறுபடி குளிக்காமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், இந்தத் தடவை ஆஸ்பத்திரி ஆள் வந்து பார்க்கட்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். ஆச்சி ஒத்துக்கொண்டாள். ஆனால் நர்சு உள்ளே வரக்கூடாது. கிணற்றைத் தொடக்கூடாது. அவள் தொட்டுப் பார்த்தால் சொர்ணாம்பாள் அங்கனயே தலையோடு முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். முழுகி முடிகிறவரை வீட்டார் யாரும் கிட்டே வரமாட்டார்கள். இரண்டு கொப்பரையில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு வேலைக்காரியும் ஒதுங்கிவிடுவாள்.

டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்த மறுவருஷம் அது. ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டரம்மாளுக்கு, மிஸ்ஸம்மா என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள், ஒரு யோசனை பிடித்திருந்தது. ஆற்றங்கரை ஊர்களில் பிள்ளைகள் ஏன் நாற்பது நாள் தாண்டமாட்டேன் என்கின்றன? வீட்டுப் பெண்களின் வாயாலேயே கேட்டு எழுதவேண்டும். சாலோமியிடம் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தாள்.

"சாலோமி, இந்த நோட்டைத் திறந்தால் நீ தாதி அல்ல. கேட்பாய், எழுதுவாய். திருத்தாதே. புத்தி சொல்லாதே. முகத்தைச் சுளிக்காதே. அவர்கள் சொன்ன வார்த்தை எனக்கு வேண்டும், உன் வார்த்தை வேண்டாம். நோட்டை மூடினால் நீ தாதி. அப்பொழுது நோட்டை நினைக்காதே."

சொல்லுவதற்கு நன்றாகத்தான் இருந்தது. மருந்துப் புட்டிகளும் நோட்டும் ஒரே பையில் கிடந்தன. வாயும் ஒன்று, காதும் அதே காது. மிஸ்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். ஆட்டுக்கல்லில் உட்காருகிறவளுக்கல்லவா தெரியும்.

ஆவணி மாதம் ஒரு நாள், கார் நெல் கதிர் விடப் பொதி கட்டி நின்ற வேளை. ஆச்சி தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சாலோமி மடியில் நோட்டை விரித்தாள்.

"மொதப் பேறுக்கு வலி கண்டதுலருந்து சொல்லுங்க ஆச்சி. நீங்க சொல்லுதத அப்படியே எழுதிக்கிடுதேன்."

"எழுதி?"

"ஊருல எப்படி எப்படிச் செய்யுதாகன்னு மிஸ்ஸம்மாவுக்குத் தெரியணுமாம்."

"தெரிஞ்சு எங்களயும் வேதத்துல சேத்துரலாம்னா?"

"அதெல்லாம் இல்ல ஆச்சி."

"இருந்தாத்தான் என்ன. கேளு. நான் ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? வலி கண்டா சுடலைவடிவு வருவா. எங்களுக்கு அவதான் மருத்துவச்சி, அவ ஆத்தாதான் எனக்குப் பாத்தா. பேறு ஆனதும் மூணு நாளைக்குப் பச்சத் தண்ணி கண்ணுல காட்டமாட்டோம். சுக்கும் மிளகும் போட்டு இடிச்ச காயம், அதத்தான் உருட்டிக் கொடுப்போம். தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும்."

சாலோமியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டாள். திருத்தாதே, புத்தி சொல்லாதே.

"உங்களுக்கு எத்தன பேறு ஆச்சி?"

"ஒம்பது."

"இருக்கது?"

"ரெண்டு. நல்லா எழுதிக்கோ. மத்ததெல்லாம் எங்கன போச்சுன்னு ஒங்க சாமியக் கேட்டுச் சொல்லு."

ஆச்சி அவரைக்காய் நாரைக் கிழித்து மாட்டுப் பக்கம் எறிந்தாள். அவள் குரலில் ஒரு துளி நடுக்கம் கிடையாது. சாலோமி இரண்டு எண்களையும் எழுதினாள்.

"பிள்ள அழுதா என்ன செய்வீய?"

"உரைமருந்து. கடுக்கா, மாசிக்கா, சாதிக்கா, வசம்பு. கூட அபினு ஒரு உரசு. பால்ல கொழச்சி நாக்குல தடவுனா ஒறங்கிரும். எந்த வீட்டுல இல்ல? ஒங்க காம்பவுண்டுலயே ஒளிச்சு வச்சு உரசுதாளுவ, எனக்குத் தெரியாதா?"

சாலோமி அதையும் எழுதினாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "ஆச்சி, இப்ப நர்சாச் சொல்லுதேன். இந்தப் பிள்ளைக்கு அபினு வேண்டாம்" என்றாள்.

"இவ்வளவு நேரமும் தலைய ஆட்டி ஆட்டி எழுதுன? அப்ப நல்லா இருந்துச்சாக்கும்" என்றாள் ஆச்சி. கேள்வி நியாயமானதுதான்.

பிறகு சொர்ணாம்பாள் வந்தாள். பத்தொன்பது வயது. முகம் சற்று உப்பி, விரலில் மோதிரம் இறுகிக் கிடந்தது. சாலோமி அவள் கணுக்காலை அமுக்கினாள். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட்டு விளக்கைப் பற்றவைத்துச் சூடுகாட்டினாள். தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. தொழுவத்துக்கு அப்பால் நின்ற ஆச்சி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"மூத்திரத்தக் காய்ச்சுதாளே சண்டாளி. அடுத்து அதுல என்ன குழம்பு வைக்கப் போறா?"

"தலவலி உண்டா சொர்ணம்?" என்று சாலோமி கேட்டாள். "கண்ணு இருட்டுதா?"

"எப்பயாச்சும்."

நல்லதுக்கு இல்லை என்று சாலோமிக்குத் தெரிந்துவிட்டது. இப்படி வீங்குகிறவர்களுக்குப் பேறுகாலத்தில் வெட்டு இழுக்கும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, தாயும் பிள்ளையுமாகப் போனவர்களை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். உப்பைக் குறைத்துப் பாலும் கஞ்சியுமாகக் கொடுக்கவேண்டும், தான் பத்து நாளுக்கு ஒரு தரம் வந்து பார்க்கவேண்டும் என்று சொன்னாள். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தீட்டுக் கழியும் மட்டும் இனி அவள் வரமாட்டாள்.

சொர்ணாம்பாள் கொப்பரைப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பைய மொண்டு ஊற்றிக்கொண்டாள். மற்ற நேரத்தில் சாலோமியை அவள் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிணற்றடியில் மட்டும் அக்கா.

"அக்கா."

"சொல்லு."

சொர்ணாம்பாள் முதலில் பையைப் பார்த்தாள். வாய் இழுத்துக் கட்டி ஆட்டுக்கல்லின் மேல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். அவள் பார்த்ததைச் சாலோமியும் பார்த்தாள்.

"மொதப் பிள்ள ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும். பத்து நாளா நான் கண்ண மூடல. அவன் விடாம அழுதான். அத்த ஒரு உரசு அபினு கொடுத்துட்டு, கோயிலுக்குப் போறேன்னு போயிட்டாக. அவன் நிறுத்தல. உரைகல்லு ஈரத்தோட அங்கனயே கெடந்துச்சு. நான் இன்னும் ரெண்டு உரசு உரசி நாக்குல வச்சேன். பிள்ளைக்காக இல்லக்கா. எனக்கு ஒறங்கணும். தொட்டில் கயித்துல எங்க மாமனாரு கோயில்ல வாங்குன பரிவட்டம் கட்டிக் கெடந்துச்சு. சாமி துணி இருக்கே, அவனுக்கு ஒண்ணும் வராதுன்னு அதப் பாத்துக்கிட்டே ஒறங்கிட்டேன். முழிச்சுத் தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருந்தான்."

"யாருகிட்டயும் சொன்னியா?"

"சொன்னா இந்த வீட்டுல ஒரு நாளு இருக்க முடியுமா? சுடலைவடிவு கை சரியில்லன்னு அவளப் பேசுனாக. நானும் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சாலோமி எழுந்துபோய் அவள் ஈரத் தோளில் கை வைத்தாள். மறுபடி தொட்டதனால் இன்னும் நான்கு செம்பு ஊற்ற வேண்டியதாயிற்று. அதில் சொர்ணாம்பாளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

சாலோமி வண்டியில் திரும்பினாள். கால்வாயில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ வீட்டில் கேட்டு எழுதியிருக்கிறாள். எல்லாரும் தலைவிதி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மிஸ்ஸம்மா தேடுகிற சொல் இன்றைக்குத்தான் ஒரு வாயிலிருந்து வந்தது. இது அச்சில் வந்தால் எத்தனை வீட்டில் உரைகல்லைத் தூக்கி எறிவார்கள்! அவள் கை தானாகப் பைக்குள் போயிற்று. நோட்டு மூடியிருந்தபோது கேட்டது என்பது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. நன்றாக நினைவிருந்தது. நினைத்துக்கொண்டேதான் எழுதினாள். பேரை எழுதவில்லை, ஊரை எழுதவில்லை, சாதியை எழுதவில்லை. மற்றதெல்லாம் சொர்ணாம்பாள் சொன்ன சொல் சொன்னபடி. பரிவட்டத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

காம்பவுண்டுக்குள் மூன்று தலைமுறையாக இருந்து வளர்ந்தவளுக்குப் பரிவட்டம் என்றால் கோயிலில் கொடுக்கிற ஏதோ ஒரு துணி. பிரசாதம் மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள் போல என்று நினைத்துவிட்டாள். ஊரில் ஒரே ஒரு வீட்டு ஆம்பிளை தலையில்தான் அதைக் கட்டுவார்கள் என்றோ, அந்த முதல் மரியாதைக்காக வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு என்றோ அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மிஸ்ஸம்மாவுக்கோ அதுவும் தெரியாது.

மிஸ்ஸம்மா அனுப்பி, புரட்டாசியில் சபையின் மாதப் பத்திரிகையில் அது வந்தது. 'ஒரு தாயின் வாக்குமூலம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

அடுத்த நடை சாலோமி வந்தபோது ஆட்டுக்கல்லைக் காணோம். புரட்டி அப்பால் தள்ளியிருந்தார்கள். புறவாசல் கதவில் ஆச்சி நின்றாள். பின்னால் சங்கரசுப்பிரமணியன், அன்றைக்குக் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு. அவன் கையில் பத்திரிகை இருந்தது.

"எங்க ஆபீசுல ஞானையான்னு ஒங்க ஆளு ஒருத்தன் இருக்கான்" என்றான் அவன். "இத எம் மேசையில விரிச்சு வச்சுட்டு, படிச்சுப் பாரும்வே, ஒம்ம ஊருச் சேதி மாதிரி இருக்குன்னு சிரிக்கான். தொட்டில்ல பரிவட்டம் கட்டுத வீடு இந்த ஊருல எத்தன இருக்கு? சொல்லு. இந்தச் சுத்துவட்டாரத்துல மிஷன் நர்சு போற வீட்டுல எத்தன இருக்கு?"

சாலோமிக்கு அப்போதுதான் விளங்கியது.

"பேரு போடலியே ஐயா" என்றாள். தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

"பேரு எதுக்குட்டி?" என்றாள் ஆச்சி. "எம் புருசன் தலையில கட்டுன துணிய எழுதிட்டு, பேரு எதுக்கு? மாமியாக்காரி அபினு கொடுத்தா, மருமவ மேல கொஞ்சம் கொடுத்துக் கொன்னாளாம். இந்த வீட்டுல நடந்துச்சாம். ஏட்டி, ஒனக்கு நான் கல்லு போட்டேன். மோரு கொடுத்தேன், செரட்டையிலன்னாலும் கொடுத்தேன். அதுக்கு இதையா செய்வ?"

"ஆச்சி, சொர்ணத்த ஒரு வார்த்த..."

"அவளக் கேட்டாச்சு." சங்கரசுப்பிரமணியன் உள்பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு. இவகிட்ட இப்படிச் சொன்னியா?"

உள்ளே பட்டாசல் கூடத்தின் இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் சொல்லல. அவளாக் கட்டி எழுதியிருக்கா. பொய்."

அக்கா இல்லை. அவள். சாலோமிக்கு அழக்கூட உரிமை இருக்கிறதாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் அந்த வீட்டில் இருக்கவேண்டுமானால் வேறென்ன சொல்லுவாள்?

"கால் வீக்கம் எப்படியிருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போயிருதேன் ஐயா. தலவலி கூடிச்சுன்னா, கண்ணு மங்குச்சுன்னா..."

"பாத்து எழுதவா?" என்றான் அவன்.

ஆச்சி சாணித் தண்ணீரை எடுத்து, சாலோமி பின்னால் நகர நகர அவள் கால் பட்ட இடத்திலெல்லாம் தெளித்துக்கொண்டே வந்தாள். தெருமுனை வரைக்கும் வந்தாள். சாலோமி போய்வந்த வேறு இரண்டு வீட்டிலும் கதவை அடைத்தார்கள். வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டே சேக் முகம்மது, "தாயி, இந்த ஊருக்கு இனி வரணுமா?" என்று கேட்டான். சாலோமி பையை அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மிஸ்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அவள் நோட்டு மூடியிருக்கும்போது சொன்னாளா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். ஆமாம் என்றதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "ஆனால் அது சத்தியம் அல்லவா" என்றாள்.

"சத்தியந்தான் அம்மா. சொர்ணத்துக்கு வெட்டு வரப்போகுதே, அதுவும் சத்தியந்தான்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செங்கல் கரைத்தாற்போல ஓடியது. பிசான நெல் நடவுக்கு வயலில் சேறு கலக்கித் தொளி அடித்துக்கொண்டிருந்தார்கள். சாலோமி சேரன்மாதேவியில் சபை உபதேசியார் வீட்டில் தங்கிச் சுற்று ஊர்களுக்குப் போய்வந்தாள். பாளையங்கோட்டைக்குப் போகலாம்தான். சொர்ணாம்பாளுக்கு நாள் நெருங்குகிறது என்பதால் போகவில்லை.

ஒரு நாள் காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மழைக்குத் தலையில் போர்த்திய பனையோலைக் கொங்காணியோடு ஒருத்தி நனைந்து வந்து நின்றாள். ஆச்சி வீட்டு மருத்துவச்சி சுடலைவடிவு. மூன்று மைல் நடந்து வந்திருந்தாள்.

"நர்சம்மா, பொறப்படு. விடியக்கூடு வலி கண்டுச்சு. ரெண்டு தரம் வெட்டு இழுத்துட்டு. எனக்குப் பிள்ளையப் பிடிக்கத் தெரியும், வெட்டப் பிடிக்கத் தெரியாது."

"அவுக வரச் சொன்னாகளா?"

"யாரும் சொல்லல. நானா வந்தேன். மொதப் பிள்ளைக்கே எங் கையத்தான் கொற சொன்னாக. இதுவும் போனா எனக்கு இந்த ஊருல கஞ்சி கெடையாது. வாரியா, இல்ல ஒனக்கும் ரோசமா?"

சாலோமி கையைக் கழுவக்கூட நிற்கவில்லை.

வீட்டு முன்வாசலில் சங்கரசுப்பிரமணியன் வழியை மறித்து நின்றான். மழையைப் பார்க்காமல் எதிர்வீட்டு ஆட்கள் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். உள்ளே சொர்ணாம்பாள் குறட்டை விடுகிறாற்போல ஒரு சத்தம். அது உறக்கத்துச் சத்தமில்லை என்று சாலோமிக்குத் தெரியும்.

"வழி விடுங்க ஐயா. இன்னொரு தரம் இழுத்தா தாங்கமாட்டா."

"உள்ள போகலாம்" என்றான் அவன். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் கச்சேரிக்காரன், மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். என்றைக்கோ எழுதி வைத்தது. "இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"சொர்ணம் சாகக் கெடக்கா."

"அதான் சொல்லுதேன். நேரத்தக் கடத்தாத."

சாலோமி படித்தாள். 'பத்திரிகையில் கண்ட சங்கதி முழுவதும் நானாகக் கற்பித்து எழுதிய பொய். மேற்படி வீட்டில் எவரும் என்னிடம் அவ்விதம் சொன்னதில்லை. உரைமருந்தில் அபின் சேர்த்துக் கொடுத்ததால் சிசுவுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.'

கடைசி வரியில் அவள் கண் நின்றது. மற்றது போகட்டும். தான் பொய்க்காரி என்று எழுதிக்கொடுப்பது அவள் செய்ததற்குத் தகும். இந்த வரி?

"இத மட்டும் அடிச்சிருங்க ஐயா. அபினப் பத்தின வரிய."

"எங்க அம்மாவயும் சேத்துத்தானே எழுதுன. அதுவும் போகணும்."

உள்ளே சுடலைவடிவு, "ஏ நர்சம்மா, கண்ணு மேல சொருகுது" என்று கத்தினாள். சாலோமி பேனாவை வாங்கிப் பேரை எழுதினாள். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். ஈரக்கையில் மை கலைந்துவிடுமே என்று சங்கரசுப்பிரமணியன் காகிதத்தை ஊதி ஊதி மடித்தான்.

அப்படித்தான் சாலோமி அந்த வீட்டுக்குள் முதல் முறையாகக் கால் வைத்தாள். ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கினாள். சீலைத் துணியைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே கொடுத்தாள். பையிலிருந்த மருந்தை இறக்கினாள். வெந்நீரில் கம்பளியை முக்கிப் பிழிந்து சுற்றினாள். அன்று பகல் முழுக்க அவளும் சுடலைவடிவும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே வேலை செய்தார்கள். இன்னும் ஒரு தரம் வெட்டு இழுத்தது, பிறகு இழுக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் பிள்ளை பிறந்தது. பெண். ஒரு கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தது. ஆனால் அழுதது.

தாய் பிழைத்ததற்கு ஆச்சி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டைக் கழுவிவிட்டாள். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற பேச்சை மட்டும் சாலோமியால் வெல்லமுடிந்தது. அதுவும் சுடலைவடிவு மறைவில் நின்று ஊற்றியதால்.

மூன்றாம் நாள் காலை சாலோமி வந்தாள். சொர்ணாம்பாள் கண் விழித்துப் படுத்திருந்தாள். நாக்கைக் கடித்த புண்ணால் சரியாகப் பேச்சு வராது. சாலோமி உள்ளே வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கால் வீக்கத்தைப் பார்த்தபோது காலை இழுத்துக்கொண்டாள்.

பிள்ளை அழுதது. சின்னப் பிள்ளை, பால் இழுக்கத் தெம்பில்லாமல், பூனைக்குட்டி மாதிரி விட்டு விட்டு அழுதது. ஆச்சி உரைகல்லை எடுத்துவந்து அறை வாசல் நடையில் உட்கார்ந்தாள். கடுக்காயை உரசினாள். வசம்பை உரசினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கருப்பாக ஒரு உருண்டையை எடுத்தாள்.

"ஆச்சி, அது வேண்டாம்" என்றாள் சாலோமி.

"எது?"

"அபினு. மாசம் தெகையாத பிள்ள. ஒரு உரசே ஆளக் கொன்னுரும்."

ஆச்சி நிதானமாகப் பாலை விட்டுக் குழைத்தாள்.

"யாதொரு தீங்கும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு? எம் மவன் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கான். எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"அன்னைக்கு உள்ள வரணும்னு போட்டேன் ஆச்சி."

"அப்ப அது பொய்யி. மொத எழுதுனது?"

முதலில் எழுதியது மெய் என்றால் சொர்ணாம்பாளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பொய் என்றால் அபின் உள்ளே போகும். மறுபடியும் அந்தப் பெண் சொன்னதை எடுத்து வீசித்தான் அவள் நர்சாக இருக்க முடியுமா?

"பொய் எழுதுதவ பேச்ச யாரு கேப்பா" என்றாள் ஆச்சி. விரலில் மருந்தைத் தொட்டுக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டாள்.

சாலோமி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தொட்டுவிட்டாள். அலறப்போன ஆச்சியின் வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் படுக்கையில் சொர்ணாம்பாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, அதக் கொடுக்காதிய."

"நீ படு. ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும்." கடித்த நாக்கால் ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துச் சொன்னாள். "அவ எழுதுனது நெசம். நான் சொன்னதுதான். ஒங்க பேரப்பிள்ளைக்கு நாந்தான் கூட ரெண்டு உரசு கொடுத்தேன்."

மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து முற்றத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ஆச்சியின் விரல் பிள்ளையின் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பைய அந்த விரலைத் தன் சீலையில் துடைத்தாள். ஒருதரம் துடைத்தது போதாமல் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஏளா" என்றாள். உரைகல்லைத் தள்ளி வைத்தாள். பிறகு, "என்னட்டி சொல்லுத" என்றாள்.

"சொல்லுதேன். எல்லாஞ் சொல்லுதேன். நீங்க என்ன அடிச்சாலும் சரி, அத்துவிட்டாலும் சரி." சொர்ணாம்பாள் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் சாலோமியைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவை. "இவள மொத வெளிய போகச் சொல்லுங்க. இவ இருந்தா நான் பேசமாட்டேன்."

"சொர்ணம்" என்றாள் சாலோமி.

"போங்க."

சாலோமி புட்டிகளைப் பைக்குள் வைத்தாள். பாலை ஒரு மணிக்கு ஒரு தரம் பஞ்சில் நனைத்துக் கொடுக்கவேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புறவாசல் வழியாக இறங்கி, தொழுவத்தைத் தாண்டினாள். பின்னால் சொர்ணாம்பாளின் குரல், "அன்னைக்கு நீங்க கோயிலுக்குப் போனப் பெறவு" என்று ஆரம்பிப்பது கேட்டது. சாலோமி நிற்கவில்லை. வண்டி நிற்கிற இடம் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டே விரசாக நடந்தாள்.